அவரவர் செலவு

மார்ச் 6

அண்ணா,

நீ பொய் சொல்லியிருக்கிறாய். பேப்பரில் வந்திருக்கிறது, படத்தோடு. பட்டறை வாசலில் பிரேக் பெடலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். "யாரிடமும் கை நீட்டவில்லை. என் வக்கீல் ஒரு காசு வாங்காமல் ஐந்து வருடம் வாதாடினார்" என்று உன் வாயால் சொன்னதாகப் போட்டிருக்கிறார்கள்.

என் அறையில் இருக்கும் நெட்டைதான் போனில் காட்டினாள். "உங்க அண்ணனாடி இது? ஆள் லட்சணமாத்தான் இருக்கார். ஆமா, நீ மாசாமாசம் ஒரு வக்கீலுக்கு அனுப்புனியே, அது எந்த வக்கீலுக்கு?" என்று கேட்டாள். நான் சீருடையை மாட்டிக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

அறுபத்து மூன்று தடவை அனுப்பியிருக்கிறேன். மாதம் ஒன்று என்று அறுபது. நிபுணர் சாட்சிக்கு, வரைபடம் போட்டவருக்கு, கடைசி விசாரணைக்கு என்று தனியாக மூன்று. என் சம்பளத்தில் பாதிக்கு மேல். அந்தப் பெடலே என் கால் விரலிலிருந்து வந்தது என்பது உனக்கு மறந்திருக்காது. பத்து வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரிச் சரிவில் ஸ்ட்ரெச்சர் பின்னால் உருண்டு என் விரலை நசுக்கியது. நகம் போய்விட்டது என்று எழுதினேன். நீ மூன்று மாதம் தூங்காமல், ஒரு மிதியில் நான்கு சக்கரமும் நிற்கிற பிரேக்கைச் செய்தாய். காப்புரிமையும் வாங்கினாய். அதைக் கம்பெனிக்காரன் திருடித் தன் வண்டியில் மாட்டினான். இந்த வார்டில் நான் தள்ளுகிற எட்டு வண்டியும் அவனுடையதுதான். உன் பெடலைத் தினம் இருநூறு தடவை மிதித்துச் சம்பாதித்து, அவன் மேல் கேஸ் போட்ட உன் வக்கீலுக்கு அனுப்பினேன். இந்தக் கூத்தை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள்.

பேப்பரில் என் பேர் வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஜெயித்தால் வழக்குச் செலவைக் கம்பெனியிடமிருந்து வசூலித்து எனக்குத் திருப்பித் தருவதாகச் சொன்னாய். அதை எழுது. அக்டோபரில் இந்த நாட்டில் என் வேலை ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் முன் டாக்டர் பரிசோதனை உண்டு. என் வலது முழங்கால் அதில் தேறாது. மாடிப்படியில் சத்தம் போடுகிறது, மற்றவர்களுக்கும் கேட்கிறது. அந்தப் பணம் வந்தால் முழங்காலைச் சரிசெய்துகொண்டு, ஊரில் இரண்டு அறை உள்ள ஒரு வீட்டில் இருப்பேன். வராவிட்டால் உன் வீட்டுப் பின்னறையில், அண்ணியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்க வேண்டும். அண்ணி நல்லவள்தான். இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

போனில் பேசினால் நீ குரலை உடைத்துக்கொள்வாய், நான் விட்டுவிடுவேன். அதனால் தாளில் எழுதுகிறேன். நீயும் தாளில் எழுது.

முழங்கால் தவிர மற்றபடி நலம். உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

தங்கை

*

மார்ச் 24

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். சர்க்கரை கொஞ்சம் ஏறி இறங்குகிறது. அண்ணி டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டாள்.

நீ கடித்தது சரியான இடத்தில்தான். அந்த நிருபர் வந்தபோது பட்டறையில் வேலை செய்கிற ஆறு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள், வக்கீலும் பக்கத்தில் இருந்தார். "செலவுக்கெல்லாம் என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார். தங்கச்சி ஸ்ட்ரெச்சர் தள்ளிச் சம்பாதிச்ச காசுல கேஸ் நடத்தினேன் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வக்கீலையும் கொஞ்சம் உயர்த்திச் சொல்வோமே என்று நினைத்தேன். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். வக்கீலும் மறுக்கவில்லை, சந்தோஷமாகச் சிரித்தார்.

அதற்குத் தண்டனை கிடைத்துவிட்டது. தீர்ப்பில், வழக்குச் செலவைக் கம்பெனியே தர வேண்டும் என்று நீதிபதி சொல்லிவிட்டார். எவ்வளவு என்பதைத் தனி மனுப் போட்டு, செலவைக் கணக்கிடும் அதிகாரி முன்னால் நிரூபிக்க வேண்டும். போட்டோம். முதல் நாளே கம்பெனி வக்கீல் அந்தப் பேப்பரை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து நீட்டிவிட்டான்.

"ஒரு காசு வாங்கலைன்னு கட்சிக்காரரே சொல்லியிருக்காருங்க. வாங்காத ஃபீஸை நாங்க எதுக்குத் திருப்பித் தரணும்?"

நம் வக்கீல் ரசீதுகளைக் காட்டினார். "ரசீது புத்தகம் எந்தக் கடையிலயும் கிடைக்கும்" என்றான். அதிகாரி சிரித்துவிட்டார். நீ அனுப்பியதை எல்லாம் வக்கீலின் குமாஸ்தா இங்குள்ள கிளையில் ரொக்கமாக வாங்கியதால் பாங்கிலும் தடம் இல்லை. நீ அங்கே கடையில் பணம் கட்டியபோது கொடுத்த சீட்டுகள்தான் இப்போது ஒரே ஆதாரம். ஜூன் 30க்குள் அசல் வேண்டும். கூடவே, பணம் கொடுத்தது நீதான், வழக்குக்காகத்தான் என்று ஒரு பிரமாணப் பத்திரம், நோட்டரி கையெழுத்தோடு.

நீ எதையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. அந்தத் தைரியத்தில் இருக்கிறேன்.

முழங்காலுக்குச் சூடு ஒத்தடம் கொடு. ஷிஃப்டில் உட்கார இடம் கிடைத்தால் உட்கார்.

அண்ணன்

*

ஏப்ரல் 5

அண்ணா,

நலம். உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு மறுபடியும் படித்தேன். வாய்க்கு வந்த ஒரு பெருமைக்கு இவ்வளவு விலை.

சீட்டுகள் இருக்கின்றன. ஷூ வாங்கிய அட்டைப்பெட்டியில், வருடத்துக்கு ஒரு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். முதல் வருடத்துச் சீட்டுகள் வெளுத்துப்போயிருக்கின்றன. எழுத்து சாம்பல் நிறத்தில் தெரிகிறது, சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம். எல்லாவற்றிலும் "பணம் அனுப்பும் காரணம்" என்ற இடத்தில் "குடும்பச் செலவு" என்று இருக்கிறது. அந்தக் கவுண்டர்க்காரர் எல்லோருக்கும் அதையேதான் போடுவார். ஒருமுறை "இது கேஸுக்குங்க" என்றேன். "கேஸு, கல்யாணம், கருமாதி, எல்லாம் குடும்பச் செலவுதாம்மா. பின்னாடி ஆள் நிக்குது" என்றார். அதனால் என்ன? வாங்குகிறவர் என்ற இடத்தில் வக்கீல் ஆபீஸ் இருக்கிறது. குடும்பச் செலவை எவளும் வக்கீல் ஆபீஸுக்கு அனுப்ப மாட்டாள்.

நான் வந்த காலத்தில் இருந்தே இந்த ஊரில் தபால் நனைகிறது, கசங்குகிறது. உனக்கு வந்து சேர்வதற்குள் மிச்சமிருக்கிற எழுத்தும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை லீவு. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் எல்லாவற்றையும் லேமினேஷன் செய்து, அப்புறம் அனுப்புகிறேன். காசு ஆகும். பரவாயில்லை, அதையும் செலவில் சேர்த்துக் கேள்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். டீயில் சர்க்கரை போடாதே.

தங்கை

*

ஏப்ரல் 19

அண்ணா,

எல்லாம் கறுத்துவிட்டது.

கடைக்காரர் ஒரு தாளுக்கு நான்கு சீட்டாக அடுக்கினார். நானும் கூடவே நின்று தேதிவாரியாக எடுத்துக் கொடுத்தேன். அப்போது சூப்பர்வைசரிடமிருந்து போன். மதிய ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை, வர முடியுமா என்று. கடைக்கு வெளியே வந்து பேசினேன். முடியாது என்பதை அவளுக்குப் புரியவைக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. திரும்பி வந்தால் மேசையில் பதினாறு தாள், பளபளவென்று, அடுப்புக்கரி மாதிரி. ஒரு எழுத்து இல்லை.

"இது சூடு பட்டா கறுக்குற பேப்பரும்மா. முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

"சூடு பண்றது நீங்க. சொல்ல வேண்டியது நானா?"

"மொதத் தாள் கறுத்தப்பவே நிறுத்தியிருக்கலாமே" என்று வரிசையில் நின்ற ஒருவர் கேட்டார். அதற்குக் கடைக்காரர், "மெஷினைப் போட்டுட்டா நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன் சார்" என்றார். கடைசியில் பதினாறு தாளுக்கும் காசு கேட்டார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்னமும் தெரியவில்லை. யார் கேட்டாலும் கொடுத்துப் பழகிவிட்டது போல.

நெட்டை அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "கிரகணம் பாக்க உதவும்டி" என்றாள். அவளை அடிக்கப் போனேன், பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐந்து வருடம் ஒரு சீட்டைக்கூடத் தொலைக்காமல் வைத்திருந்தேன். பத்திரப்படுத்தப் போய் அழித்துவிட்டேன். பேசுவதென்றால் பேசு, திட்டு. என்ன செய்யலாம் என்று மட்டும் சீக்கிரம் எழுது.

தங்கை

*

மே 11

அன்புள்ள கட்டெறும்புக்கு,

எல்லோரும் சுகம். நீ சுகமாக இருக்க வேண்டும்.

உன்னைத் திட்ட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் வாயால் கறுப்பாக்கினேன், நீ மெஷினில் கறுப்பாக்கினாய். வக்கீலிடம் சொன்னேன். அவருடைய ஜூனியர் ஒரு பெண், விவரமானவள். பணம் அனுப்பும் கடையின் தலைமை அலுவலகத்தில் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும், நகல் எடுத்து முத்திரை வைத்து வாங்கினால் அசலுக்குச் சமம் என்கிறாள். முடிந்தால் பார். உன் லீவைக் கெடுத்துக்கொள்ளாதே.

இங்கே பட்டறை மந்தம். ஆறு பேருக்கும் நான்கு மாதமாகப் பாதிச் சம்பளம்தான். லேத்காரர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று தினமும் நினைக்கிறேன், தினமும் வந்துவிடுகிறார். வந்தவுடன் மெஷினைத் துடைக்கிறார். ஓட்ட வேலை இல்லாவிட்டாலும் துடைக்கிறார். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருக்கிறது.

ஜெயித்தாலும் நிம்மதி இல்லை. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போகலாம் என்று பேச்சு. போனால் இன்னும் மூன்று வருடமோ நான்கு வருடமோ. போன வாரம் கம்பெனி ஆள் ஒருவர் பட்டறைக்கு வந்திருந்தார். மரியாதையாகத்தான் பேசினார். டீ குடித்துவிட்டுப் போனார்.

முழங்கால் எப்படி இருக்கிறது? படியில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்.

அண்ணன்

*

மே 26

அண்ணா,

நான் நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

தலைமை அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது. இரண்டு பஸ். மூன்று தடவை போனேன். முதல் தடவை, காலை எட்டு மணிக்கே டோக்கன் தீர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை, அடையாள அட்டையில் என் பெயருக்கும் அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஐந்து வருடம் பணத்தை வாங்கும்போது அந்த எழுத்து யார் கண்ணையும் உறுத்தவில்லை. மூன்றாம் தடவை, ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கிக்கொண்டு போனேன். ஒரு நகலுக்கு ஒரு கட்டணம், முத்திரைக்குத் தனிக் கட்டணம். அறுபத்து மூன்றால் பெருக்கிக்கொள்.

கவுண்டரில் இருந்த பெண் சின்ன வயசு. "மொத்தமா வேணுமா? எதுக்குக்கா?" என்றாள். சொன்னேன். "நானும் எங்க அண்ணனுக்குத்தான் அனுப்பறேன். சீட்டைக் கசக்கிப் போட்டுடுவேன்" என்றாள். இனிமேல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். லேமினேஷன் பண்ணாதே என்றும் சொன்னேன்.

ஜூன் 15க்குள் தருவார்கள். இந்த மூன்று நாளுக்கும் எனக்குச் சம்பளம் பிடித்தம். சூப்பர்வைசர், "கேஸ் உன்னோடதா, உங்க அண்ணனோடதா?" என்று கேட்டாள். ஜெயித்தது அவன், செலவு என்னுடையது என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது, உடனே.

ஒன்று கேட்கிறேன். கம்பெனி ஆள் எதற்கு வந்தான்? டீ குடிக்க அவன் ஊரில் கடை இல்லையா? நீ எழுதியதில் அவன் வந்ததும் இருக்கிறது, போனதும் இருக்கிறது. நடுவில் பேசியது இல்லை.

உடனே எழுது.

தங்கை

*

ஜூன் 17

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். பட்டறையில் கொஞ்சம் வேலை வந்திருக்கிறது. பழைய பிரஸ் மெஷினைச் சரிபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

நகலுக்காக நீ இவ்வளவு அலைந்திருக்க வேண்டாம். அவசரம் ஒன்றும் இல்லை. கிடைத்தால் உன்னிடமே பத்திரமாக வைத்திரு. உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு அங்கேயே நல்ல டாக்டரிடம் காட்டு.

இங்கே வெயில் குறைந்திருக்கிறது.

அண்ணன்

[இதே தாளின் அடியில், பென்சிலில்:]

அண்ணி எழுதுகிறேன். இவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. உன் கடிதம் வந்தால் பிரிக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிகிறார். கேட்டால் என் மேல் எரிந்து விழுகிறார். நீ கோபப்படாதே. கோபப்படாமலும் இருக்காதே. எனக்கு எழுதத் தெரியவில்லை.

*

ஜூன் 22

அண்ணா,

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்கு நன்றி. நான் கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து வெயில் எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய்.

அவசரம் இல்லை என்கிறாய். ஜூன் 30 என்று எழுதியது நீதான், அந்தக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. உன்னிடம் அனுப்பினால் சட்டைப் பைக்குள் போய்விடும் என்று தெரிகிறது. அதனால் அறுபத்து மூன்று முத்திரை நகலையும், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரத்தையும் இன்று நேராக வக்கீல் ஆபீஸுக்கே விரைவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.

நோட்டரி என்னிடம் கேட்டார்: "இது கடனா, அன்பளிப்பா? ரெண்டுல ஒண்ணு எழுதணும்." நான் யோசித்தது ஒரு நிமிடம்கூட இருக்காது. கடன் என்று எழுதச் சொன்னேன். "உங்க அண்ணன் எழுதிக் கொடுத்த சீட்டு ஏதாச்சும்?" என்றார். இல்லை என்றேன். ஆரம்பத்தில் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? "நமக்குள்ள எதுக்குக் கட்டெறும்பு பத்திரம்?" என்றாய். எனக்கும் கேட்டதே தப்பு என்று வெட்கமாகப் போய்விட்டது.

சாப்பிடு. அண்ணியிடம் எரிந்து விழாதே, அவள் உன் மேல் கேஸ் போட்டவள் இல்லை.

தங்கை

*

ஜூலை 14

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் அண்ணனுடைய வக்கீலின் ஜூனியர் எழுதுகிறேன். தாங்கள் அனுப்பிய 63 நகல்களும் பிரமாணப் பத்திரமும் கிடைத்தன. இத்துடன் அவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வழக்குச் செலவு கோரும் மனு ஜூன் 2 அன்று நம் தரப்பிலேயே வாபஸ் பெறப்பட்டது. இரு தரப்புக்கும் சமரச ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. அதன்படி கம்பெனி மேல்முறையீடு செய்யாது. தன் வண்டிகளுக்குத் தேவையான பெடல்களைத் தங்கள் அண்ணனின் பட்டறையிலேயே செய்து வாங்கிக்கொள்ளும். நான்காவது ஷரத்து: "இவ்வழக்கில் அவரவர் செலவு அவரவரைச் சார்ந்தது." ஆகவே இந்த ஆவணங்கள் இனித் தேவைப்படாது.

தங்களுக்கு இது தெரியும் என்றே நினைத்திருந்தேன். சீனியர் இதைத் தபாலில் அனுப்பினால் போதும், விளக்கம் வேண்டாம் என்றார். அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. அதைத் தங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தங்கள் உடல்நலத்தைக் கவனித்துக்கொள்ளவும்.

ஜூனியர் வழக்கறிஞர்

*

ஜூலை 27

அண்ணா,

ஜூன் 2.

உன் ஜூன் 17 கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். அவசரம் இல்லை என்று எழுதியபோது நீ கையெழுத்துப் போட்டு பதினைந்து நாள் ஆகியிருக்கிறது. நான் இங்கே நோட்டரி ஆபீஸில் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தபோது, நீ பிரஸ் மெஷினில் அவனுக்கே பெடல் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய்.

சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அதற்குப் பயந்தாயா?

தங்கை

*

ஆகஸ்ட் 15

அன்புள்ள கட்டெறும்புக்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைக்கிறேன்.

அவர்கள் அப்பீல் போயிருந்தால் எனக்கு இன்னொரு நான்கு வருடம் நடத்தத் தெம்பு இல்லை. மறுபடியும் உன்னிடம்தான் கேட்டிருப்பேன். வக்கீல், "ஜெயிச்சது கையில நிக்கணும்னா எதையாச்சும் விட்டுக் கொடுக்கணும்" என்றார். விட்டுக் கொடுக்க என்னிடம் வேறு என்ன இருந்தது? அந்த மனு ஒன்றுதான். கையெழுத்துப் போட்ட வாரமே முன்பணம் வந்தது. ஆறு பேருக்கும் நான்கு மாதப் பாக்கியைக் கொடுத்தேன். லேத்காரர் எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆறு குடும்பம், கட்டெறும்பு. நீ என் இடத்தில் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாய்.

உன்னிடம் சொல்லத் தினமும் பேனாவை எடுத்தேன். நீ நகலுக்கு வரிசையில் நின்றதாக எழுதியிருந்தாய். அதற்கு மேல் எழுத முடியவில்லை.

உனக்குச் செய்ய மாட்டேனா? கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வேன். ஆனால் கடன் என்று நோட்டரியிடம் எழுதியிருக்கிறாயே, அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நாம் அப்படிப் பேசிக்கொண்டதில்லையே. நீ குடும்பத்துக்குக் கொடுத்ததாகத்தான் நான் எப்போதும் நினைத்திருந்தேன்.

பின்னறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். தையல் மெஷினைக் கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. எப்போது வேண்டுமானாலும் வா.

அண்ணன்

*

ஆகஸ்ட் 30

அண்ணா,

ஆறு குடும்பம் என்று எழுதியிருக்கிறாய். அவர்களுக்குக் கொடுத்தது சரி. பட்டினி போட்டிருந்தால் நானே உன்னைக் கேட்டிருப்பேன். ஆனால் எண்ணும்போது என்னையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும். ஒற்றை ஆள் குடும்பத்தில் சேராது என்று யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?

அந்த ஒப்பந்தத்தை நெட்டைக்கு விளக்கிச் சொன்னேன். கம்பெனிக்குச் செலவு மிச்சம். வக்கீலுக்கு ஃபீஸ் முன்பே வந்துவிட்டது. உனக்கு ஆர்டர், உன் ஆட்களுக்குச் சம்பளம். மேசையைச் சுற்றி உட்கார்ந்த எல்லோரும் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு எழுந்திருக்கிறீர்கள். "அப்ப விட்டுக் கொடுத்தது யாரு?" என்றாள். அவரவர் செலவு அவரவரைச் சார்ந்தது என்று கையெழுத்துப் போட்டாயே, உன் செலவு என்ன அதில்? பேனா மை.

குடும்பச் செலவு என்று அந்தக் கவுண்டர்க்காரர் போட்டார், பின்னால் ஆள் நின்றதால். நீயும் அதையே சொல்கிறாய். உன் பின்னால் யார் நின்றார்கள்?

நான் இப்போது பணம் கேட்கவில்லை. உன்னிடம் இல்லை என்று தெரியும். ஒரு தாள் கேட்கிறேன். "தங்கையிடம் அறுபத்து மூன்று தவணையில் வாங்கியது கடன்." மொத்தத் தொகை, தேதி, உன் கையெழுத்து. அவ்வளவுதான். என் முகவரி எழுதிய கவரை இத்துடன் வைத்திருக்கிறேன். எழுதும் சிரமம் உனக்குப் பாதியாகக் குறையும்.

அண்ணியின் தையல் மெஷினை இருந்த இடத்திலேயே போடச் சொல். கூடத்தில் அவளுக்கு வெளிச்சம் போதாது.

தங்கை

*

அக்டோபர் 9

அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பரிசோதனை முடிந்தது. டாக்டர் முழங்காலை ஒரு தடவைதான் மடக்கிப் பார்த்தார். "எத்தனை வருஷமா வண்டி தள்றீங்க?" என்றார். பதினொன்று என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே தகுதியில்லை என்று எழுதினார். அவர் கையெழுத்துப் போட மூன்று நொடி ஆனது. மாத முடிவில் அறையைக் காலி செய்ய வேண்டும். நெட்டை என் போர்வையை இப்போதே கேட்டு வைத்திருக்கிறாள், எனக்கு அழுகை வரக் கூடாது என்று.

போன வாரம் வார்டுக்குப் புது வண்டி நான்கு வந்தது. குனிந்து பார்த்தேன். பெடலின் அடியில் உன் பட்டறை முத்திரை அடித்திருக்கிறது. நன்றாகச் செய்திருக்கிறாய். பழையதைவிட மெதுவாக மிதித்தாலே நிற்கிறது. சரிவில் நிறுத்திப் பார்த்தேன், அசையவில்லை. என் மாதிரி முழங்கால் உள்ளவர்களுக்கு நல்லது.

கவர் அனுப்பி நாற்பது நாள் ஆகிறது. நடுவில் செப்டம்பரிலும் ஒன்று எழுதினேன். அதுவும் உன் சட்டைப் பையில் இருக்கும். இது மூன்றாவது. இந்த முறை நீ எழுத வேண்டியதை நானே கீழே எழுதியிருக்கிறேன். தொகைக்கு அந்த அறுபத்து மூன்று நகலும் சாட்சி. கையெழுத்துக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். இந்த மாதம் 31 வரை இந்த முகவரியில் இருப்பேன். கம்பெனிக்காரனுக்குப் போட்ட அதே கையெழுத்தை எனக்கும் போட்டு அனுப்பு.

தங்கை

தங்கையிடம் நான் அறுபத்து மூன்று தவணையில் வாங்கியது கடன்.

கையெழுத்து:

தேதி: